‘கேபாப் டீமன் ஹன்டர்ஸ்’ பார்த்தாச்சு... அடுத்து எந்த அனிமே? கலர் போஸ்டரை நம்பி இறங்கலாமா?

2025 ஜூன் 20-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் பெரிய ஆரவாரம் இல்லாமல் வந்த ஒரு அனிமேஷன் படம், ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தத் தளத்தில் அதிகம் பார்க்கப்பட்ட படமாகிவிட்டது. மூன்று பெண்கள். மேடையில் பாட்டு, மேடைக்குப் பின்னால் அரக்கர் வேட்டை. ‘கோல்டன்’ பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் வரை போனது. படத்தை இரண்டு, மூன்று முறை பார்த்து முடித்தவர்களின் அடுத்த கேள்வி ஒன்றுதான்: “இதே மாதிரி வேற என்ன இருக்கு?”

‘கேபாப் டீமன் ஹன்டர்ஸ்’ ஜப்பானிய அனிமே அல்ல. சோனி பிக்சர்ஸ் அனிமேஷன் தயாரித்த, கொரியாவில் நடக்கும் கதை. ஆனால் பெண்கள் மட்டுமே கொண்ட அணி, ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு சக்தி என்ற இந்த அமைப்பை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விதவிதமாகச் சமைத்துவருவது ஜப்பான்தான். எனவே தேடல் அனிமே பக்கம் திரும்புவது இயல்பு.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் தேடினால் ‘மேஜிக்’, ‘பெண்கள்’, ‘சாகசம்’ போன்ற அடையாளங்களை வைத்துக் கதைகள் வரிசைகட்டும். எல்லா போஸ்டரிலும் பெரிய கண்கள், பளிச் நிறங்கள், கைகோத்து நிற்கும் பெண்கள். ஆறு வயதுக் குழந்தைக்காக எடுத்த தொடரும், பெரியவர்களையே இரண்டு நாள் தூங்கவிடாத தொடரும் பார்வைக்கு அக்கா தங்கை போலவே இருக்கும். அக்கா பொண்ணுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தொடங்கியவர்கள் மூன்றாவது எபிசோடில் ரிமோட்டைத் தேடி அலைவது இப்படித்தான்.

கதை எப்படி இருக்கும் என்பதை நிறம் சொல்வதில்லை. அந்தப் பெண்கள் தங்கள் சாகசத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் சொல்கிறது. ‘கேபாப்’ படத்தில் பிடித்தது பாட்டும் சண்டையுமா, மூவரின் நட்பா, ரூமி மறைத்துவைத்திருக்கும் ரகசியத்தின் வலியா? பதிலைப் பொறுத்து அடுத்து பார்க்க வேண்டியதும் மாறும்.

இந்த ஐந்து நிறம் எங்கிருந்து வந்தது?

1975-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் ‘கோரெஞ்ஜர்’ தொடங்கியது. ஐந்து வீரர்கள், ஐந்து நிற உடைகள். இந்த வகைத் தொடர்களின் அமெரிக்க வடிவம்தான் பின்னாளில் நம் ஊர்ப் பிள்ளைகளும் பார்த்த ‘பவர் ரேஞ்சர்ஸ்’. கோரெஞ்ஜரின் ஐந்து பேரில் ஒருத்தி மட்டும் பெண். அவளுக்குக் கொடுத்த நிறம்... வேறென்ன, பிங்க்.

இன்னொரு பக்கம் 1966-ல் வந்த ‘சாலி தி விட்ச்’ முதல், மந்திர சக்தி கொண்ட சிறுமியின் கதைகள் தனி ஓடையாக ஓடிக்கொண்டிருந்தன. மாங்கா ஓவியர் நவோகோ டகேயுச்சி இந்த இரண்டையும் இணைத்தார். ஐந்து பேருமே பெண்கள் என்றால்? அதுதான் ‘சைலர் மூன்’. 1992 மார்ச்சில் தொடங்கிய அனிமே 1997 வரை 200 எபிசோடுகள் ஓடியது. நாயகி உசாகிக்கு 14 வயது. பள்ளிக்கு தினமும் லேட், பரீட்சையில் கோட்டை, எதற்கெடுத்தாலும் அழுகை. உலகத்தைக் காப்பாற்ற இவளா என்று அவளுடைய பூனைக்கே சந்தேகம்.

200 எபிசோடு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. முதல் சீசனின் 46 எபிசோடுகளே ஒரு முழுக் கதை. அதன் கடைசி இரண்டில் தோழிகள் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அந்த இரண்டையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்கி, யாரும் சாகவில்லை என்று மாற்றிவிட்டார்கள். பின்னால் வரும் யுரேனஸ், நெப்டியூன் என்ற காதல் ஜோடியையும் ஆங்கில டப்பிங் ‘கசின்ஸ்’ ஆக்கியது. இப்போது கிடைக்கும் புதிய ஆங்கில டப்பிங்கில் இந்த வெட்டு வேலை இல்லை. 2014-ல் வந்த ‘சைலர் மூன் கிரிஸ்டல்’ மாங்காவுக்கு நெருக்கமானது, சிறியது. ஆனால் பழைய தொடரின் அசட்டு நகைச்சுவை அதில் குறைவு. பழசே மேல்.

குழந்தையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

தாராளமாக ‘ப்ரீக்யூர்’. 2004 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் வரிசை இது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு புதிய அணி, புதிய கதை. முதல் தொடரை இயக்கிய டைசுகே நிஷியோ ‘டிராகன் பால் இசட்’ எடுத்தவர் என்பதால், மந்திரக்கோலைச் சுழற்றுவதற்குப் பதில் இந்தப் பெண்கள் கையால் குத்தி, காலால் உதைத்தார்கள். 2023-ல் வந்த ‘ஹிரோகாரு ஸ்கை ப்ரீக்யூர்’ நாயகிக்கு வழக்கமான பிங்க்கை விட்டு நீலம் கொடுத்தது. ஒரு பையனையும் அணியின் நிரந்தர உறுப்பினராக்கியது. பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வாரம் ஒரு அரக்கன், நடுவே பண்டாய் நிறுவனத்தின் பொம்மை விளம்பரம் போன்ற காட்சிகள் என்று ஏறக்குறைய 50 எபிசோடுகள் போகும். ஒன்றே ஒன்று பார்ப்பதானால் 2010-ன் ‘ஹார்ட்கேட்ச் ப்ரீக்யூர்’ போதும்.

சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே அளவில் பிடிக்கக்கூடியது ‘லிட்டில் விட்ச் அகாடமியா’. ட்ரிகர் ஸ்டூடியோ, இளம் அனிமேட்டர்களுக்கான அரசுப் பயிற்சித் திட்டத்தில் 2013-ல் குறும்படமாக எடுத்தது. அடுத்த பாகத்துக்காக கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் 1.5 லட்சம் டாலர் கேட்டார்கள். வந்து சேர்ந்தது 6 லட்சத்துக்கும் மேல். 2017-ல் 25 எபிசோடு தொடராகவும் வளர்ந்தது. நாயகி அக்கோ மந்திரக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. துடைப்பத்தில் ஏறினால் பறக்கக்கூட வராது. பரம்பரை பரம்பரையாக மந்திரம் கற்றவர்கள் நடுவே, சின்ன வயதில் பார்த்த ஒரு மேடை நிகழ்ச்சியின் மயக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு அவளுடைய அவஸ்தை நன்றாகவே புரியும்.

பாட்டும் சண்டையும்தான் பிடித்ததா?

அப்படியானால் ‘சிம்ஃபோகியர்’ தவிர வேறு எதுவும் இவ்வளவு பக்கத்தில் வராது. 2012 முதல் 2019 வரை ஐந்து சீசன்கள். முதல் எபிசோடே இரண்டு பாடகிகளின் மேடைக் கச்சேரி, கூட்டத்துக்குள் புகும் அரக்கர்கள், மேடையிலிருந்தே தொடங்கும் சண்டை என்று போகிறது. இங்கே பாட்டு நின்றால் கவசத்தின் வலு போய்விடும். அதனால் அடிவாங்கிக்கொண்டே பாடுகிறார்கள். மூச்சிரைப்பும் பாட்டிலேயே கேட்கிறது. சுபாசா பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த நானா மிசுகி நிஜத்திலும் பெரிய பாடகி. 2011-ல் டோக்கியோ டோமில் தனி நிகழ்ச்சி நடத்தியவர். முதல் சீசனில் படம் ஆங்காங்கே பல்லிளிக்கும். இரண்டாவது சீசனில் வண்டி வேகமெடுத்துவிடும்.

‘மடோகா’வை ஏன் குழந்தைக்குப் போடக் கூடாது?

2011-ல் வந்த ‘மடோகா மேஜிகா’வின் போஸ்டரைப் பார்த்தால் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கும். உருண்டை முகங்களை வரைந்தவர் ஊமே ஆவோகி, பெண்கள் விடுதி வாழ்க்கையைச் சொல்லும் இதமான நகைச்சுவை மாங்காவால் பெயர் பெற்றவர். கதை எழுதியவரோ இருண்ட கதைகளுக்குப் பேர்போன கென் உரோபுச்சி. இந்தக் கூட்டணியே ஒரு பொறி.

கியூபே என்ற வெள்ளைப் பிராணி பள்ளிச் சிறுமிகளிடம் வந்து ஒப்பந்தம் பேசுகிறது. எந்த ஆசையாக இருந்தாலும் ஒன்றை நிறைவேற்றித் தரும். பதிலுக்கு மந்திரப் பெண்ணாக மாறி சூனியக்காரிகளோடு சண்டை போட வேண்டும். கேட்க நல்ல டீல்தான். இன்றைய லோன் ஆப்களைத் தெரிந்தவர்களுக்கு கியூபேவை உடனே அடையாளம் தெரிந்துவிடும். அது பொய் சொல்வதில்லை. கேட்காததைச் சொல்வதும் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மூன்றாவது எபிசோடில் என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்வது துரோகம். யூடியூப் பக்கமும் போகாமல் இருப்பது நல்லது.

மொத்தம் 12 எபிசோடுகள். 2011 மார்ச் 11-ல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தால் கடைசி இரண்டும் ஒரு மாதத்துக்கும் மேல் தள்ளிப்போய் ஏப்ரலில்தான் ஒளிபரப்பாயின. நகரம் சிதையும் முடிவுக் காட்சிகளை ஜப்பானியர்கள் அந்த மனநிலையில்தான் பார்த்தார்கள். இன்னொரு வேடிக்கை: மென்மையான மடோகாவுக்கும், ‘சிம்ஃபோகிய’ரில் முஷ்டியால் பேசும் ஹிபிகிக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, ஆவோய் யூகி.

ரூமியின் வலி பிடித்தவர்களுக்கு மடோகா சரியான அடுத்த படி. குறைந்தது பதின்வயதைத் தொட்டிருக்க வேண்டும். 2021-ன் ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’யை இன்னும் கவனமாக அணுக வேண்டும். நிறங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் உள்ளே தற்கொலையும் துன்புறுத்தலும்தான் பேசுபொருள். ‘மேட் இன் அபிஸ்’ஸை அதன் அழகான ஓவியத்தைப் பார்த்து யாராவது சிபாரிசு செய்தால், அதில் சிறுவர்கள் படும் உடல் வதை பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம்.

கண்ணுக்கு விருந்து மட்டும் போதுமா?

‘ஃப்ளிப் ஃப்ளாப்பர்ஸ்’, 2016, 13 எபிசோடுகள். எந்தப் பள்ளியில் சேருவது என்றுகூட முடிவெடுக்க முடியாத கோகோனாவை, பறக்கும் பலகையில் வரும் பபிகா வேறு உலகங்களுக்கு இழுத்துப் போகிறாள். ஒரு எபிசோடு பாலைவனம், இன்னொன்று பேய்ப் பள்ளி. இயக்குநர் கியோடகா ஓஷியாமாதான் 2024-ல் ‘லுக் பேக்’ படத்தை எடுத்தவர். பின்பாதியில் கதை கொஞ்சம் தடுமாறும். கண்கள் புகார் சொல்லாது.

2017-ன் ‘லேண்ட் ஆஃப் தி லஸ்ட்ரஸ்’ஸில் வருபவர்கள் பெண்கள் போலத் தோன்றினாலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, ரத்தினக் கற்கள். உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் தொலைந்த துண்டோடு நினைவுகளும் போய்விடும்.

மந்திரமே இல்லாத சாகசம்

2018-ல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோவுக்காக அட்சுகோ இஷிசுகா இயக்கிய ‘எ பிளேஸ் ஃபர்தர் தேன் தி யுனிவர்ஸ்’ஸில் உருமாற்றம் இல்லை, அரக்கன் இல்லை. நான்கு டீன்ஏஜ் பெண்கள் அன்டார்க்டிகாவுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்த ஆண்டின் சிறந்த சர்வதேசத் தொடர்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

ஷிராசேவின் அம்மா தென்துருவ ஆய்வுக் குழுவோடு போனவர், திரும்பவில்லை. மகள் பகுதிநேர வேலை பார்த்துப் பத்து லட்சம் யென் சேர்த்துவைத்திருக்கிறாள். பள்ளியே அவளைக் கிண்டல் செய்கிறது. பணக் கவரை ரயில் நிலையத்தில் தவறவிட, அது கிமாரியின் கையில் கிடைக்கிறது. பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் வேலை பார்க்கும் ஹினாடாவும், நடிகையாக இருந்தும் ஒரு தோழிகூட இல்லாத யுசுகியும் சேர்கிறார்கள். சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா, அங்கிருந்து கப்பல். கப்பலில் நால்வரும் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பதையும் தொடர் மறைக்கவில்லை. பனியில் முதல் அடி வைத்ததும் ஷிராசே வாயிலிருந்து வருவது உருக்கமான வசனம் அல்ல. கிண்டல் செய்த ஊருக்கே சேர்த்து ஒரு பழிப்பு. மற்ற மூவரும் கூடச் சேர்ந்து கத்துகிறார்கள். வேறு எந்த மந்திரப் பெண்ணின் வெற்றியும் இவ்வளவு இனிக்காது.

தமிழ் டப்பிங்கில் பேசப்பட்டவை ‘சோலோ லெவலிங்’, ‘டீமன் ஸ்லேயர்’ போன்ற ஆண் நாயக அதிரடிக் கதைகள்தான். எனவே மேலே சொன்னவற்றைப் பெரும்பாலும் ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில் என்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். அன்டார்க்டிகா தொடர் 13 எபிசோடு, மொத்தம் ஐந்து மணி நேரம் சொச்சம். சனிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு மதியத்துக்குள் முடித்துவிடலாம். 12-வது எபிசோடை மட்டும் ஆபீஸ் பஸ்ஸில் பார்க்க வேண்டாம்.