பல்லைக் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்!

அம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று, தங்கையின் பிரசவத்துக்கு நான்தான் அமெரிக்கா போனேன். பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வசம்பு என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவள், ஆறு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த என் கடைவாய்ப் பல்லை மறந்துவிட்டேன்!

குழந்தை பிறந்த பத்தாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. ரூட் கெனால் செய்து கேப் போட 2,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். நம்மூரில் 10,000 ரூபாய்க்குள் முடிகிற வேலை! "இன்ஷூரன்ஸ்தான் எடுத்தோமே?" என்றேன்.

"பல்லுக்கு வலி தணிக்கிற செலவு மட்டும்தான் தருவாங்களாம், அக்கா. நீ கவலைப்படாதே" என்றாள். குழந்தைக்கென்று சேர்த்த பணம் என் பல்லுக்குப் போயிற்று. பச்சை உடம்புக்காரி கணக்குப் போடுவதைப் பார்க்க, பல்வலியே தேவலை என்றிருந்தது.

சகோதரிகளே, உயிருக்கு ஆபத்தென்றால் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் பணமில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 1986-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படி. ஆனால் பில் பின்னாலேயே வரும்.

அதனால், கிளம்ப இரண்டு மாதம் முன்பே பல், கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள். தங்கும் நாளுக்கு வேண்டிய மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஏற்கெனவே உள்ள வியாதிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் இராது.

ஊறுகாய் ஜாடி அப்புறம். முதலில் பல் டாக்டர்!