மறைநூல் தரும் காவல்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் பக்தி பெருகிவிடும். அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொள்கிறோம். வேளாங்கண்ணி எண்ணெயைப் பிள்ளையின் நெற்றியில் பூசுகிறோம். இரவில் பயந்து எழும் சிறுமியின் தலையணைக்கு அடியில் விவிலியத்தை வைத்துப் படுக்கச் சொல்கிறோம். இவற்றைப் பழிக்க நாம் முன்வரவில்லை. பிள்ளைக்கு ஏதாவதொரு வேலி கிடைக்காதா என்று பெற்ற மனம் தேடுவது இயல்பே. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: தலையணைக்கு அடியில் இருக்கும் அந்த நூலை அவள் எத்தனை முறை திறந்து படித்திருக்கிறாள்?

மூடிக் கிடக்கும் விவிலியம் தாயத்தாகிவிடுகிறது. தாயத்தை நம்பும் பிள்ளை, அது கையில் இல்லாத அன்று இருமடங்கு பயப்படுவாள். படித்து மனத்தில் பதிந்த வசனமோ விடுதிக்கும் உடன் வரும், பேருந்திலும் வரும், பரீட்சை மண்டபத்துக்குள்ளும் வரும்.

காவலுக்கு உகந்த திருப்பாடல் எது என்று கேட்டால் நம்மில் பலர் 91-ஆம் திருப்பாடலைச் சொல்வோம். பழைய எண்ணிக்கைப்படி நம் பாட்டிமார் அதை 90-ஆம் சங்கீதம் என்பார்கள். இறைவனின் சிறகு நிழல், இரவின் திகில், பகலில் பறக்கும் அம்பு, வழியெல்லாம் தாங்கிச் செல்லும் தூதர்கள் என்று பயந்த பிள்ளைக்கு வேண்டிய ஆறுதல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நற்செய்தியில் இந்தப் பாடலை எடுத்துச் சொல்பவன் யார் தெரியுமா? மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்து பெருமானை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லும் அலகை சான்று காட்டுவது இதே பாடலைத்தான்! ஆண்டவரோ, கடவுளைச் சோதிக்கலாகாது என்ற கட்டளையை இணைச்சட்ட நூலிலிருந்து எடுத்துரைக்கிறார். மூன்று சோதனைகளுக்கும் அவர் தந்த மறுமொழிகள் அந்நூலின் 6, 8 அதிகாரங்களில் உள்ளவை. வீட்டில் இருக்கையிலும் வழியில் நடக்கையிலும் இறைவார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோருக்குக் கட்டளையிடுவதும் அந்த 6-ஆம் அதிகாரமே.

ஆகவே ஒரு வசனத்தை மட்டும் அறிந்தவளை அந்த ஒரு வசனத்தைக் கொண்டே ஏமாற்றிவிடலாம். கீழ்ப்படிதலைப் பற்றிய வசனத்தை மட்டும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கும் பெற்றோர் இதை எண்ணிப்பார்ப்பது நல்லது. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரம் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. மூன்று வசனம் தாண்டியதும், பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டாதீர்கள் என்று தந்தையரையும் எச்சரிக்கிறது. அந்த இரண்டாவது வசனத்தைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கும் வீட்டை நாம் அதிகம் கண்டதில்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் படித்துக் காட்டவேண்டிய ஒரு வரலாறு தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தவக்காலத்து ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் அதைக் கேட்டிருப்பீர்கள். சூசன்னாவின் பெற்றோர் நேர்மையாளர்கள். மோசேயின் சட்டத்தைத் தம் மகளுக்குக் கற்பித்து வளர்த்தவர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. பாபிலோனில், அவளுடைய தோட்டத்திலேயே, இரண்டு முதியவர்கள் அவளை மடக்குகிறார்கள். இருவரும் மக்கள் மதித்த நீதிபதிகள். இணங்காவிட்டால் உன்மேல் பழி சுமத்துவோம் என்று மிரட்டுகிறார்கள். அவள் என்ன செய்தாள்? பாவத்துக்கு இணங்க மறுத்து உரத்த குரலில் கத்தினாள். மறுநாள் ஊரார் அவளுக்கு மரண தண்டனை விதித்தபோது கடவுளை நோக்கிக் கதறினாள். இளைஞன் தானியேல் எழுந்து, அந்த இருவரையும் தனித்தனியே விசாரித்தான். எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள்.

இதைச் சிறுமிகளுக்கு எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு ஒதுக்கிவிடுகிறோம். கூச்சம் வேண்டாம் என்பதே நமது கருத்து. பெற்றோர் கற்பித்த மறைநூல் சூசன்னாவை வாய்மூடி இருக்கச் செய்யவில்லை; மறுக்கவும் கத்தவும் துணிவு தந்தது. ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து, பெரியவர் ஒருவர் தன்னிடம் தகாதபடி நடந்தார் என்று சொன்னால், வெளியே சொல்லாதே, செபித்துக்கொள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவிடுவது பக்தி ஆகாது. அந்தப் பெரியவர் எவ்வளவு மதிப்புள்ளவராயினும் சரியே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளையே பேசலாம். செபமும் வேண்டும், தானியேலும் வேண்டும்.

மறைநூல் படிக்கும் பிள்ளைக்குத் துன்பமே வராது என்று யாரும் வாக்குக் கொடுத்துவிடவேண்டாம். சிறுமலர் என்று நாம் அழைக்கும் புனித தெரேசாளைப் பாருங்கள். 1894-இல் அவளுடைய அக்காள் செலின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, பழைய ஏற்பாட்டுப் பகுதிகளைக் கைப்பட எழுதிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். சிறியவர்களைக் கடவுள் அழைப்பதையும் தாயைப்போல் தேற்றுவதையும் தெரேசாள் அதில் கண்டு, தன் சிறிய வழியை அமைத்துக்கொண்டாள். நற்செய்தி நூலை நெஞ்சருகே வைத்திருந்தாள். ஆனால் மனப்பாடமாகும் அளவுக்குப் படித்தும் இருந்தாள். அப்படிப்பட்டவளுக்கே 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி விசுவாச இருள் சூழ்ந்தது. 1897 செப்டம்பர் 30-இல் இறக்கும்வரை அது முற்றும் விலகவில்லை. காசநோயும் விடவில்லை. அந்த இருளிலும் அவள் வழிதவறவில்லை என்பதையே நாம் காவல் என்கிறோம்.

மறைநூல் விசுவாசிகள் எல்லாருக்கும் தாராளமாகக் கிடைக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கூறியது. தமிழில் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தது. இனி நேரமில்லை என்ற சாக்கு ஒன்றுதான் மிச்சம். மாற்கு நற்செய்தியில் பதினாறே அதிகாரங்கள். இரவு செபமாலை முடிந்ததும் நாளுக்கு ஒன்றாகப் பதினாறு நாளில் முடித்துவிடலாம். பிள்ளையைத் தனியே படிக்கச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துகொண்டால் அது வீட்டுப்பாடமாகிவிடும். படிக்க வாய்ப்புக் கிடைக்காத தாய்மார்களுக்கு மகளே வாசித்துக் காட்டட்டும். செலின் செய்ததுபோல், பிடித்த வசனத்தைத் தன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பொருள் விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்து, மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்கலாம். அதிகம் கேள்வி கேட்கிறாள் என்று சிஸ்டர்மார் சலித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம்.