தண்ணீர் ஊற்றியே கொன்றேன்

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி திருப்பூர் போனபோது, என்னிடம் ஒரே ஒரு பொறுப்பைத்தான் விட்டுப் போனாள். மாடியில் பெயிண்ட் வாளியில் அவள் வளர்த்த குண்டுமல்லி. தினமும் தவறாமல் காலையும் மாலையும் ஊற்றினேன். இரண்டாம் மாதம் இலை மஞ்சளித்து வாடியது. தாகமோ என்று இன்னும் கூடுதலாக ஊற்றினேன். செத்துப் போனது.

பக்கத்து வீட்டு அம்மா விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். செடியைப் பிடுங்கி, கறுத்துக் குழைந்த வேரை முகர்ந்து பார்த்தார். "தண்ணியில்லாம சாகல வாத்தியாரய்யா, மூச்சு முட்டிச் செத்திருக்கு. நாங்க நாத்துப் பைக்கு ஓட்டை குத்திட்டுத்தான் மண்ணே நிரப்புவோம்" என்றார். வாளியின் அடியில் ஓட்டையே இல்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு அன்று பாடம் கிடைத்தது.

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் காற்று இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் தேங்கினால், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சில்லாத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும் செடியும் வாடுகிறது. நாம் அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம். நெல்லோ தண்டுக்குள்ளேயே காற்றுக்குழாய் வைத்திருப்பதால் சேற்றில் பிழைக்கிறது. மல்லிகைக்கு அந்த வசதி இல்லை.

அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பினால் போதும் என்று நம் தலைமுறை நம்புகிறது. அது சரியில்லை என்பேன். நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் வடியும். தொட்டியும் அப்படித்தான். அடிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில்லு போட்டால் அந்த ஈரம் சில்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக ஏறி நிற்கும். அகலமான தட்டைத் தொட்டியைவிட உயரமான தொட்டி நல்லது. வெறும் செம்மண்ணைவிட மணலும் மட்கிய தென்னை நார்க்கழிவும் கலந்த மண் நல்லது. அடியில் நாலைந்து ஓட்டை வேண்டும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்க விடக்கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும்.

மாடித்தோட்டத்துக்கு அரசே மானியத்தில் பையும் விதையும் தந்திருக்கிறது, நல்ல காரியம். அதோடு வேரின் மூச்சைப் பற்றியும் ஒரு பக்கம் அச்சடித்துத் தரலாம். எப்போது ஊற்றக் கூடாது என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

மனைவி அடுத்த வாரம் பேரனோடு வருகிறாள். புதுக் கன்று ஒன்றை மண்தொட்டியில் வைத்திருக்கிறேன். அது வேறு செடி என்பதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உண்மையை முன்கூட்டியே இங்கே எழுதி வைத்துவிட்டேன்.