வாட் பெரிதா, நாதம் பெரிதா?

நம் சங்க நண்பரொருவர், சேமநிதிக் கடன் பெற்றேனும் 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கத் துடித்தார். “கிளாஸ் ஏ கருவி 10 வாட்தானே தருகிறது?” என்பது அவர் ஐயம்.

கிளாஸ் ஏ அமைப்பில் டிரான்சிஸ்டர் ஒலியலையின் முழுச் சுற்றிலும் ஓயாது மின்சாரம் கடத்துகிறது. ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் கிளாஸ் பி முறையில், கைமாறும் இடத்தில் எழும் பிசிறு இதில் இல்லை. ஆயின், நிலையத்தில் நின்றபோதும் கரி தின்ற அந்நாளைய நீராவி எஞ்சினைப்போல், பாட்டு ஓய்ந்தாலும் இது மின்சாரம் உண்டு வெப்பம் கக்கும். 1969-இல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் ஜான் லின்ஸ்லி ஹூட் வெளியிட்ட புகழ்பெற்ற கிளாஸ் ஏ அமைப்பும் 10 வாட்டே.

நிற்க. 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 100 டெசிபலும், 100 வாட்டில் 110 டெசிபலும் தரும். வாட் பத்து மடங்கானால் செவிக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்கே! குவார்ட்டர்ஸ் கூடத்தில் கச்சேரி கேட்கப் பெரும்பாலும் 1 வாட்டும் செலவாகாது. எஞ்சியது மிருதங்கத்தின் திடீர் வீச்சுக்கே.

ஆதலின், நல்ல ஸ்பீக்கரைத் தேடுங்கள். கருவியைக் காற்றோட்டமாய், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். நண்பர் கடன் மனுவைக் கிழித்தெறிந்தார். அவர் இல்லத்தரசியார் எனக்கு இரண்டாம் முறையும் காப்பி தந்தார்.