கரடி விட்டார்கள்!

ராத்திரி பதினோரு மணிக்கு ஓ.டி.டி.யில் 'என்ன பார்க்கலாம்?' என்று விரலால் தேய்த்துக்கொண்டே போகும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'வின்னி தி பூ: ப்ளட் அண்ட் ஹனி' என்று ஒன்று கண்ணில் படலாம். 2023-ல் வந்த இங்கிலீஷ் திகில் படம். 84 நிமிஷம். உங்கள் சார்பில் நான் முழுசாகப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். நீங்கள் தூங்கலாம்.

வின்னி தி பூ தெரியுமில்லையா? ஏ.ஏ.மில்ன் 1926-ல் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகத்தில் வரும் கரடி. தேன் என்றால் உயிர். சிநேகிதர்கள்: பிக்லெட் என்ற பன்றிக்குட்டி, ஈயோர் என்ற சோகக் கழுதை, கிறிஸ்டோஃபர் ராபின் என்ற சின்னப் பையன். எல்லாம் பரம சாது.

படத்தில் அந்தப் பையன் வளர்ந்து, மேல்படிப்புக்குப் போய்விடுகிறான். காட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை. குளிர். பசி. கடைசியில் கூட இருந்த கழுதையையே தின்றுவிடுகிறார்கள்! மனுஷ ஜாதி மேல் வெறுப்பு வந்து, 'இனிமேல் பேச மாட்டோம்' என்று சபதம் வேறு. அஞ்சு வருஷம் கழித்து கிறிஸ்டோஃபர் திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறான். செத்த கழுதையின் வாலாலேயே அவனுக்குச் சாட்டையடி. பக்கத்து வீட்டில் நாலைந்து பெண்கள் லீவுக்கு வந்து தங்குகிறார்கள். அப்புறம் என்ன, வெட்டு, குத்து, நசுக்கு.

அடியேன் பி.காம். பேய்ப் படத்திலும் வரவு-செலவுதான் கண்ணில் படும். பாருங்கள்:

கதாபாத்திரங்கள்: இலவசம். அந்தப் புத்தகத்தின் காப்புரிமை அமெரிக்காவில் 2021-ஓடு முடிந்து, 2022 ஜனவரி 1 முதல் ஊர்ச்சொத்து.

வில்லன் வசனம்: இல்லை. சபதம்!

முகபாவம்: ரப்பர் முகமூடி. கொன்றாலும் அதே மூஞ்சி, சும்மா நின்றாலும் அதே மூஞ்சி.

டிக்கர் என்ற புலி: ஆப்சென்ட். அது 1928 புத்தகத்தில்தான் வருகிறது, காப்புரிமை பாக்கி. 2024 ஜனவரி 1 முதல் அதுவும் ஊர்ச்சொத்து. அதே வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் புலி ஆஜர்!

மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. வசூலோ 50 லட்சம் டாலருக்கு மேல். 2024-ல் மட்டமான படங்களுக்குக் கொடுக்கும் 'ராஸி' விருதுகளில் மிக மோசமான படம் உள்பட ஐந்து வாங்கியது. திட்டினவர்களும் காசு கொடுத்துத்தானே பார்த்திருக்கிறார்கள்?

'பாவம், பணமில்லை, அதனால் படம் இப்படி' என்று யாராவது சப்பைக்கட்டு கட்டினால் நம்பாதீர்கள். ஓரன் பெலி என்பவர் தன் சொந்த வீட்டிலேயே 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' எடுத்தார். செலவு சுமார் 15,000 டாலர். ஒரு படுக்கையறை, தூங்குகிற ஜோடி, விடிய விடிய ஓடும் காமிரா. கதவு தானாகக் கொஞ்சம் அசையும். அவ்வளவுதான்! 2009-ல் பரவலாக ரிலீஸாகி 19 கோடி டாலர் அள்ளியது. தூங்கும்போது நாம் எத்தனை கதியற்றவர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பயமுறுத்த அது போதும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கரடிப் படத்திலும் அப்படி ஒரு விஷயம் கையிலிருந்தது. ஆரம்பத்தில் கோட்டோவியமாகச் சில நிமிஷம் வருகிறது. பையன் போய்விட்டான். சிநேகிதர்கள் காட்டில் காத்திருக்கிறார்கள். பனிக்காலம் வந்துவிட்டது. அவன் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே வயிற்றை என்னவோ பண்ணியது. ரத்தம் ஒரு சொட்டு வருவதற்கு முன்னால்!

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். அவசரமாக மடித்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துவிட்டார்கள். கடைசியில் கிறிஸ்டோஃபர் கெஞ்சும்போது, கரடி சபதத்தை உடைத்து ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கிறது. 'நீதானே விட்டுட்டுப் போனே?' என்கிற மாதிரி இரண்டே வார்த்தை. படத்தின் ஒரே நல்ல வசனம். உடனே மறுபடி கத்தி!

நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பையன்தான் ஸார். படிப்பு, வேலை என்று பஸ் ஏறும்போது, 'அடுத்த மாசம் வர்றேண்டா' என்று டீக்கடை வாசலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது இன்னும் அதே ஊரில் இருப்பார்கள். நம்பர்கூட செல்போனில் எங்கேயாவது கிடக்கும்.

84 நிமிஷமெல்லாம் வேண்டாம், நாலு நிமிஷம் போதும். ஒரு போன் போட்டுப் பாருங்கள். எதிர்முனையில் 'டேய்!' என்று சத்தம் வந்தால் பிழைத்தீர்கள்.

'யாருங்க பேசறது?' என்று மரியாதையாகக் கேட்டால்... அதுதான் ஸார் திகில்.