கல்லூரி உதவித்தொகை ஜூனில் வரவேண்டும்: முத்துக்குளித்துறை மாணவர்களுக்காக ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடி காமராஜ் கல்லூரியில் நடந்த விழாவில், புதுமைப் பெண் திட்டத்தின் விரிவாக்கத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் இனி மாதம் 1,000 ரூபாய் என்பதே அந்த அறிவிப்பு. மாநிலம் முழுவதும் சுமார் 75,000 மாணவிகள் கூடுதலாகப் பயன்பெறுவார்கள் என்றது அரசு. முத்துக்குளித்துறை எனப்படும் இந்தத் தூத்துக்குடிக் கரைக்கு அது பெரிய செய்தி. வேம்பார், தருவைக்குளம், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற ஊர்களின் பிள்ளைகளில் பலர் மறைமாவட்டமும் துறவற சபைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று திட்டம் தொடங்கியபோது அது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமே. ஒரே தெருவில், ஒரே படகில் வேலை பார்க்கும் இரண்டு பேரின் மகள்களில் ஒருத்திக்குப் பணம் வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை.

அந்தக் குறை பெருமளவு தீர்ந்ததை இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பு முழுமனதோடு வரவேற்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டதையும் வரவேற்கிறது. ஆனால் கடலோரக் குடும்பங்களைப் பொறுத்தவரை இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உதவித்தொகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. முதலாண்டு மாணவரின் முதல் மூன்று மாத உதவித்தொகையை ஜூன் மாதத்திலேயே மொத்தமாக முன்கூட்டி வழங்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு.

காரணம் எளிது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம்; தடை சரியானதே. அந்த 61 நாளுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். நாளொன்றுக்கு 131 ரூபாய். தடை முடிந்து படகு கிளம்பியவுடன் காசு புரளும் என்று நினைப்பது தவறு. படகைக் கரையேற்றிப் பழுது பார்த்ததும், வலை கட்டியதும், கடையில் வாங்கிய மளிகைக் கடனும் முதல் சில வாரங்களின் வருமானத்தைத் தின்றுவிடும். பல கல்லூரிகளில் சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் வரிசைகட்டி நிற்பதும் அதே வாரங்களில்தான். கையில் காசே இல்லாத நேரம் பார்த்துத்தான் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவேண்டியிருக்கிறது. அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போவதும், அதுவும் இல்லாத வீட்டார் வட்டிக்காரரைத் தேடுவதும் அப்போதுதான்.

மாத உதவித்தொகையோ, மாணவர் கல்லூரியில் சேர்ந்து, கல்லூரி வழியாக, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான யூமிஸ் தளத்தில் பதிந்து, பள்ளி விவரம் சரிபார்க்கப்பட்டு, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு உறுதியான பிறகே தொடங்குகிறது. பணம் வரும்போது சேர்க்கைக் கட்டணத்துக்கான கடனுக்கு வட்டி ஏறியிருக்கும்.

உப்பளத் தொழிலாளர் வீடுகளில் காலண்டர் வேறு, கதை ஒன்றுதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவதை அரசு 2022-இல் தொடங்கியது, நல்ல தொடக்கம். ஆனால் நவம்பர் செமஸ்டர் தேர்வுக் கட்டணமும் இந்த மாதங்களில்தான் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது உப்பளங்கள் மட்டுமல்ல, பிள்ளைகளின் புத்தகங்களும் சான்றிதழ்களும் சேர்ந்தே போயின.

இந்தக் கரையில் வருமானம் என்றுமே மாதச் சம்பளமாக வந்ததில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் அப்படித்தான். அரசு கடலடியில் முத்துச்சிப்பி வளரும் பார்களைச் சோதித்துப் பார்த்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டும் குளிப்பை அறிவிக்கும். சில வார வேலை, அதன்பின் பல ஆண்டு காத்திருப்பு. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு முடிந்தது 1961-இல். அதற்குப் பிறகு சங்கு குளிப்பவர்களும் விசைப்படகில் ஏறியவர்களும் வாழ்வது அதே ஏற்ற இறக்கத்தில்தான்.

மற்ற உதவித்தொகைகளுக்குத் தேவைப்படும் வருமானச் சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். விசைப்படகுத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கரைக்கு வந்த மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, ஏலத் தரகு எல்லாம் கழித்து மிஞ்சுவதைப் படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைக்கிறார்கள். ஒரு முறை நல்ல பங்கு, அடுத்த முறை டீசலுக்கே கட்டவில்லை. இவருடைய ஆண்டு வருமானம் எவ்வளவு என்று இ-சேவை மையத்தில் கேட்டால் எதைச் சொல்வார்? அதிலும் வரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பட்டியலின மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். முன்னதில் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பி.ஏ. மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய்ப் படி. பின்னதில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். கடல் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்காமல் தடைக்காலத்தையும் மழைக்காலத்தையும் கழித்துக் கணக்கிடும் முறையை வருவாய்த்துறை வகுக்க வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது.

ஜூனிலேயே பணம் தருவது நடைமுறையில் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். புதுமைப் பெண்ணுக்கும் தமிழ்ப் புதல்வனுக்கும் தகுதியைத் தீர்மானிப்பது மாணவர் எந்தப் பள்ளியில், எந்த வழியில் படித்தார் என்பது. அந்த விவரம் பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதம் வந்துவிடுகிறது. வங்கிக் கணக்கைப் பள்ளியிலேயே சரிபார்த்து வைத்தால், கல்லூரிச் சேர்க்கை உறுதியான அன்றே 3,000 ரூபாயை விடுவிக்கலாம். அரசுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. பின்னால் தரப்போகும் பணத்தை முன்னால் தருகிறது, அவ்வளவுதான். பணத்தை வாங்கிக்கொண்டு படிப்பை விட்டுவிடும் சிலருக்காக மற்ற அத்தனை பேரையும் கடன்காரர் வாசலுக்கு அனுப்புவது நியாயமில்லை.

மொத்தமாகத் தருவதும் அரசுக்குப் புதிதல்ல. புதுமைப் பெண் திட்டமே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை மாற்றி அமைத்ததுதான். பட்டம் பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கொடுத்த கருவூலம் அது. கல்யாணத்துக்கு என்று இருந்த பணத்தைப் படிப்பின் பக்கம் திருப்பியது தமிழ்நாட்டின் நல்ல முடிவுகளில் ஒன்று. ஜெர்மனியில் 1971 முதல் மாணவர் உதவித்தொகைச் சட்டம் உண்டு. அங்கேயும் மாதப் பணம் மட்டும் போதாது என்று கண்டு, அரசு உதவியில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் சேரும்போது ஒரே தடவையாக 1,000 யூரோ தரும் ஏற்பாட்டை 2024-இல் கொண்டுவந்தார்கள். மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இலங்கை அரசு பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000-இலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்த முடிவெடுத்தது. பொருளாதாரம் சரிந்து மூன்றே ஆண்டுகளில் அவர்களால் அது முடிந்தது. 2022-இல் நிர்ணயித்த 1,000 ரூபாயை விலைவாசிக்கு ஏற்ப இங்கேயும் அவ்வப்போது உயர்த்த வேண்டும்.

இன்னும் வெளியே நிற்பவர்களையும் மறக்கக் கூடாது. உதவிபெறும் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் படித்ததால் தகுதி இழந்தவர்களும், நடுவில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளியில் படித்ததால் பெயர் விட்டுப்போனவர்களும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டு அடுப்பு பயிற்றுமொழி பார்த்து எரிவதில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துத் திட்டமான விடியல் பயணம் நகரப் பேருந்தில் மட்டும் செல்லும். மாவட்டத்தின் வட எல்லையிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி நெடுந்தூரப் பேருந்துக்கு டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். மாதம் 1,000 ரூபாயில் பேருந்துக்கே பெரும்பகுதி போனால் மிச்சம் எதற்கு ஆகும்?

பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டால் பள்ளிக்கு வரும் என்று நம்பி 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைக்கான உதவியும் தேவைப்படும் நேரத்தில் வந்து சேரவேண்டும். இதற்கான அரசாணையை அடுத்த தடைக்காலம் தொடங்குமுன் வெளியிடும்படி சமூக நலத்துறையையும் உயர்கல்வித்துறையையும் மீன்வளத்துறையையும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. கடலோர ஊர்களின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே அவர் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, ஆதாரை இணைத்து, வருமானச் சான்றிதழுக்கும் மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.