பெர்க்லி ஊரு அடுப்பும் நம்ம ஊரு கூட்டமும்

குறுவைக்கு நாத்து விட்டாச்சு. ஆத்துல தண்ணி வருது, வாய்க்காலுக்கு இன்னும் ஏறல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

அக்கா மகன் கலிபோர்னியாவுல பெர்க்லின்னு ஒரு ஊருல இருக்கான். போன வாரம் போன்ல, "மாமா, புது வீட்டுல கேஸ் கிடையாது, கரண்ட் அடுப்புதான்"னான். ஆத்தா குடுத்தனுப்புன ஈயச்சொம்பும் அலுமினியக் குண்டானும் அதுல சூடே ஏறாதாம். இரும்பு தோசைக்கல்லு மட்டும் தப்பிச்சுது. இந்த அடுப்புக்காக அவங்க ஊருல பெரிய சண்டையே நடந்திருக்குன்னு அவன் சொல்லித்தான் தெரியும்.

அங்க சிலிண்டர் இல்ல. தெருவுக்கடியில குழாய் போட்டு நேரா வீட்டுக்கே எரிவாயு வருது. நம்ம டெல்டாக்காரனுக்கு நல்லாத் தெரிஞ்ச மீத்தேன்தான் அது. 2019 ஜூலையில பெர்க்லி நகர மன்றம், புதுசா கட்டுற கட்டடத்துக்கு இந்தக் குழாய் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. அமெரிக்காவுலயே முதல் ஊரு அதுதான். பழைய வீட்டைத் தொடல. ஓட்டல்காரங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. தீ இல்லாம எங்க சமையல் எப்படின்னு அவங்க கேட்டது நியாயம்தான். 2023 ஏப்ரல்ல, 1975ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்துக்கு இது முரண்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. மறு வருஷம் ஊரே சட்டத்தை வாபஸ் வாங்கிடுச்சு. அதோட விடல. 2024 நவம்பர்ல, பெரிய கட்டடங்கள்ல எரிக்கிற கேஸுக்கு வரி போடலாமான்னு ஊரு மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க. வேணாம்னுட்டாங்க.

எனக்குக் கேட்டா, குழாய் குறையறது நல்லதுதான். விறகுப் புகையில எங்க அம்மா கண்ணு கலங்கிக் கெடந்ததைப் பாத்தவன் நான். கேஸ் வந்தப்ப கும்பிட்டோம். ஆனா கேஸ் தீயிலயும் மூச்சுக்கு ஆகாத வாயு வருதுங்குறாங்க. புது வீட்டுக்கு மட்டும்னு வச்சது புத்திசாலித்தனம். ஒரே ஒரு சந்தேகம், அந்தக் கரண்ட் எங்கேருந்து வருது? கலிபோர்னியாவுல கரண்டுல பெரிய பங்கு இதே எரிவாயுவை எரிச்சுத்தான் எடுக்குறாங்க. நம்ம திருவாரூர் மாவட்டத்துல கோவில்களப்பால்லயும் நிலத்தடி வாயுவுல ஓடுற மின்நிலையம் இருக்கு. அடுப்படியில அணைச்ச தீ இன்னொருத்தன் வயல் ஓரத்துல எரியும். பட்டணத்துல இருக்குறவங்க இதையும் சேத்து யோசிக்கணும்.

ஆனா என்னை உறுத்துனது வேற. அங்க அடுப்பை மாத்தறதுக்கே கூட்டம் போட்டு, யாரு வேணா எந்திரிச்சுப் பேசலாம்னு நேரம் குடுக்குறாங்க. இங்க? சில வருஷம் முன்ன ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தாலுகா ஊருல ஒரு கல்யாண மண்டபம். அறிக்கை தலகாணி மாதிரி இங்கிலீசுல இருந்துச்சு, தமிழ்ல நாலு பக்கம். நடவுக்குப் போற பொம்பளைங்க கூலியை விட்டுட்டு வந்து பின் வரிசையில நின்னாங்க. அதுல ஒரு அம்மா, "போர் தண்ணி கெட்டா எங்களுக்குத் தண்ணி யாரு குடுப்பா சார்?"னு கேட்டுச்சு. எழுதிக்கிட்டாங்க. அதோட சரி.

அந்தக் கூட்டமாவது இருந்துச்சு. 2020 ஜனவரியில மத்திய அரசு, நிலத்துல எண்ணெய், எரிவாயு இருக்கான்னு பாக்குற ஆய்வுக் கிணத்துக்கு மக்கள்கிட்ட கருத்து கேக்கவே வேணாம்னு விதியை மாத்துச்சு. அடுத்த மாசமே தமிழ்நாடு சட்டசபையில டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா ஆக்குற சட்டம் வந்துச்சு. சந்தோஷம்தான். ஆனா ஏற்கெனவே ஓடுற கிணறுகளை அது நிறுத்தல. அது பக்கத்துல நாத்து நடுறவனைக் கூப்பிட்டு யாரும் கேக்கவும் இல்ல.

பெர்க்லியில தோத்தது ஊரு சட்டம். கேக்குற வழக்கம் தோக்கல. அக்கா மகனுக்கு அங்க ஓட்டு கிடையாது, ஆனா கூட்டத்துல பேசலாமாம். ஆளுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம்தானாம். அடுத்த கூட்டத்துக்குப் போடான்னு சொல்லியிருக்கேன். "என்ன மாமா பேசறது?"ன்னான். ஈயச்சொம்புலேருந்து ஆரம்பின்னேன்.